மீனாவுக்கு, மாடித்தோட்டம் பற்றி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. திருச்சி வீட்டுக்கு மேல்பூச்சு கூட முடியவில்லை, அதற்குள் மொட்டை மாடியில் தோட்டம் போடப் போகிறேன் என்று நீ குதிப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது, ஹாஸ்டலில் ஒரு துளசியைக்கூட நீ உயிரோடு வைத்திருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சரி, அதை விடு. செடி வளர்க்கச் சொல்லித்தர ஆளுக்குக் காசு கொடுக்கணுமா, யூடியூப்பில்தான் எல்லாம் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறாய். நான் கொடுத்தேன்டி. இவரும் பிள்ளைகளும் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். எங்கள் அப்பா இருந்திருந்தால், "வெண்டைக்காய் நட டியூஷனா?" என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

யூடியூப்பில் எல்லாம் இருக்கிறது என்பதுதான் சிக்கலே. உரத்துக்கு ஒருவர் பஞ்சகவ்யம் என்கிறார், இன்னொருவர் மீன் அமிலம், அடுத்தவர் முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் என்று அடுக்குகிறார், எல்லோர் வீட்டிலும் காய் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. ஆனால் அவர்களில் யாரும் என் மாடியில் வந்து நின்றதில்லை. மேற்கே நாலு மாடி அபார்ட்மென்ட், மூன்று மணிக்கே நிழல் விழுந்துவிடும், கீழே போர் தண்ணீர் உப்பு. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வந்த அம்மா தோட்டக்கலை படித்தவர். 'கார்டன் கோச்' என்று சொல்லிக்கொள்கிறார், இப்போது அப்படித்தான் பெயர். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே வந்தார். செடிப் பக்கமே போகாமல், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், அப்புறம் செடிப் பையின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினார். கத்தரி இலையின் ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி இருந்ததற்குக் காரணம் அதுதான், உப்பு. உரக் கடைக்காரர் சத்துக் குறைவு என்று சொல்லி ஒரு டப்பாவை எடுத்து வைத்திருந்தார், அதை வாங்க வேண்டாம் என்று சொன்னதிலேயே அந்த அம்மாவின் ஃபீஸில் பாதி வந்துவிட்டது. மெட்ரோ தண்ணீர் வருகிற நாளில் பையின் அடியில் வழிய வழிய ஊற்றினால் உப்பு கரைந்து இறங்கும், மழைக்காலத்தில் டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. மெஷினில் வெளியே போகிற தண்ணீரை ஊற்றலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார், வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது, அது பாத்ரூம் கழுவத்தான் என்றார் அந்த அம்மா. தென்னை நார்க்கழிவுக் கட்டியையும் அப்படியே போடக் கூடாதாம், அதிலும் உப்பு உண்டு, ஊறவைத்து இரண்டு மூன்று தடவை தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

அப்புறம் மிளகாய். இலை சுருண்டிருந்தது, நான் வேப்பெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இருங்கம்மா, எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள் என்றார். மேல்நோக்கிக் கிண்ணம் மாதிரி மடங்கினால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப் பூச்சி. ஒரு சின்ன லென்ஸைக் கையில் கொடுத்து இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார், பார்த்தால் நரம்போரம் ஊசி முனை அளவுக்கு வெளிர் மஞ்சளாக ஒன்று ஓடுகிறது! அது இலைப்பேன். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி. அதை நான்தான் கலந்தேன், நான்தான் அடித்தேன். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார், ஒரு கிளையைக்கூட அவர் கிள்ளிக் கொடுத்ததில்லை. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. செடியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் தோட்டக்காரரை வைத்துக்கொள்ளலாம், அது வேறு வேலை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பீர்க்கங்காய்ப் பாடம். பூத்துப் பூத்துக் கொட்டுகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கொட்டியதெல்லாம் ஆண் பூ, அது கொட்டத்தான் செய்யும். பெண் பூவுக்குக் கீழே விரல் நுனி அளவுக்குக் குட்டிப் பீர்க்கங்காய் இருக்கும். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும், மாடியில் அந்த நேரத்துக்கு வண்டு வராவிட்டால், ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, மகரந்தத்தை நாமே பெண் பூவின் நடுவில் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். காலையில் போய்ச் செய்தால் வேலைக்காகாது. இதுவும் யூடியூப்பில் இருக்கும்தான், ஆனால் என்ன கேட்டுத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லையே.

இன்னொன்று, எதற்குக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லித்தந்தார். மே மாதம் தக்காளிப் பூ உதிர்ந்தால் அது சூட்டினால், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நாட்டு அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும், ஆடியில் போட்டுவிட்டு ஆவணியில் காயைத் தேடக் கூடாது, கார்த்திகை மார்கழி வரை பொறுக்க வேண்டும். இதெல்லாம் பாட்டி காலத்தில் யாரும் காசு கொடுத்துக் கேட்ட விஷயமா? இல்லை. ஆனால் கேட்க இப்போது பாட்டி இல்லை, பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியவில்லை.

எல்லா கோச்சும் இப்படி இருப்பார்கள் என்று நினைத்துவிடாதே. இந்த அம்மாவுக்கு முன்னால் நான் போனில் பேசிய ஒருவர், மாடியைப் பார்க்காமலேயே ஸ்டாண்ட், பை, மண் கலவை, சொட்டுநீர் என்று ஒரு பெரிய 'பேக்கேஜ்' விலை சொன்னார். விற்கிறவரிடம் பாடம் கேட்காதே. மாதாமாதம் கட்டவும் வேண்டாம், ஒரு பட்டத்துக்கு, அதாவது ஒரு விதைப்புப் பருவத்துக்கு, இரண்டு மூன்று தடவை வந்து பார்த்தால் ஆரம்பத்துக்குப் போதும், நடுவில் வாட்ஸ்அப்பில் இலையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பதில் சொல்வாரா என்று மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்.

உனக்கோ திருச்சியில் நவலூர் குட்டப்பட்டிலேயே வேளாண் கல்லூரியும் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன, சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே போய், வீட்டுக்கு வந்து சொல்லித்தர யாராவது உண்டா என்று கேள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்து வந்த மாடித்தோட்டத் தளை, அதாவது கிட், இப்போது கிடைக்கிறதா என்றும் விசாரி, பை, நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்ந்தே வரும், கடையில் போய் ஆசை ஆசையாய் அள்ளுவதைவிட அதில் ஆரம்பிப்பது மேல்.

ஆனால் என் கதையை அப்படியே உன் மாடிக்குக் கொண்டுபோகாதே. உனக்குக் காவிரித் தண்ணீர், உப்புத் தொல்லை இருக்காது. உன் பிரச்சினை வெயிலும் காற்றும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நிழல்வலையைச் சும்மா கயிற்றில் கட்டினால் உறையூரில் போய்த்தான் பொறுக்க வேண்டும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, செங்கல் மேல் தூக்கி வை, நனைந்த மண் கனம் கனக்கும், அடியில் ஈரமும் தங்கும். கட்டிய இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

கோச்சைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வேலை செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதியம், சாயங்காலம் மாடிக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்று ஒரு தாளில் கிறுக்கி எனக்கும் அனுப்பு. பொங்கலுக்கு நீ வருவதாக இருந்தால் நாட்டு அவரை விதை எடுத்து வைக்கிறேன், வருகிறாயா இல்லையா?

அன்புடன்,
சாந்தி