ஒழுகும் வாட்டர் ஹீட்டர் டேங்க்கை வாரண்டியில் மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள்,
நிறுவனத்தின் தலைமை அலுவலகம்.

நாள்: 12.01.2026

பொருள்: 25 லிட்டர் வாட்டர் ஹீட்டரின் டேங்க் ஓட்டை விழுந்தது, 7 வருட டேங்க் வாரண்டிப்படி புதியது தரக் கோருதல், காந்திபுரம் சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கால் சென்டரில் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் எடுக்கிறார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம், 24 மணி நேரத்துல கூப்பிடுவாங்க" என்கிறார்கள். யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் இப்போது எழுத்தில் தருகிறேன். மின்னஞ்சலிலும் அனுப்புகிறேன், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புகிறேன்.

பில் விவரம், புகார் எண்கள் எல்லாம் என் மொபைல் நம்பரைத் தட்டினால் வந்துவிடும் என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள். 2021 ஆகஸ்டில் வாங்கியது. முன்பக்கம் சூடு காட்டும் முள் வைத்த அந்தச் செங்குத்து மாடல். அதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாரண்டி அட்டையில் ஹீட்டருக்கு 2 வருடம், எலிமென்ட்டுக்கு 4 வருடம், உள் டேங்க்குக்கு 7 வருடம் என்று நீங்கள்தான் அச்சடித்திருக்கிறீர்கள். நான் கேட்பது அந்த டேங்க்கைப் பற்றி மட்டும்தான். கணக்குப்படி 2028 ஆகஸ்ட் வரைக்கும் அது உங்கள் பொறுப்பு.

முதலில் வந்த கோளாறு தண்ணீர் சூடாகாததுதான். 2,000 வாட் எலிமென்ட் இருந்தால் 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ அரை மணி நேரம் போதும். எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தாலும் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. ஆள் வந்தார், தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றார், மாற்றினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் தண்ணீர் துரு நிறத்தில் வர ஆரம்பித்தது. அதன் பின் அடியிலிருந்து ஒழுகியது.

சேஃப்டி வால்விலிருந்து வந்த ஒழுகல் என்று தயவுசெய்து மறுபடியும் சொல்லாதீர்கள். சூடேறும்போது வால்வில் கொஞ்சம் சொட்டுவது சகஜம் என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, அதைப் படித்துத்தான் பேசுகிறேன். இங்கே சொட்டியது கீழ் மூடியின் விளிம்பில், ஒயர் உள்ளே நுழையும் துளையிலிருந்து. அடியில் வைத்த வெள்ளை வாளியில் ராத்திரி தேங்கும் தண்ணீருக்கு அடியில் காலையில் காவி நிறத்தில் வண்டல் படிந்திருக்கும். ஒயர் போகும் இடத்தில் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று ஹீட்டர் செய்யும் கம்பெனிக்குத் தெரியாதா? வீட்டு மெயினில் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருந்ததால் சுவிட்சைப் போட்டதும் அது விழுந்தது. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "இதை இனித் தொடவே தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் உங்கள் கால் சென்டர் பெண்ணிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சொன்ன பதில்: "மேடம், ஒரு தடவை சுவிட்ச் ஆன் பண்ணி அரை மணி நேரம் வெச்சுப் பாருங்க, அப்பவும் ட்ரிப் ஆனா கம்ப்ளைன்ட் ரெய்ஸ் பண்றேன்." தண்ணீர் ஒழுகி, மின்கசிவில் பிரேக்கர் விழும் ஹீட்டரை ஆன் பண்ணிப் பார்க்கச் சொல்கிறார்! உங்கள் கம்பெனியில் இப்படிச் சொல்லித் தருகிறீர்களா? அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன பயன், கையில் கொடுத்த தாளை வாசிக்கிறார். அந்தத் தாளை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நாங்கள் விவரம் தெரிந்தவர்களாக இருந்ததால் பிழைத்தோம். பிரேக்கர் இல்லாத வீட்டில், தனியாக இருக்கும் ஒரு வயதானவர் இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும்.

சரி, இப்போது காந்திபுரத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்த நாள்தான்.

ஆள் அனுப்ப முடியாது, சீசன் நேரம், யூனிட்டைக் கழற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் அன்றைக்கே பார்த்துத் தருவார்கள் என்று சொன்னது உங்கள் கால் சென்டர். அந்தப் பேச்சு உங்களிடம் பதிவாகியிருக்கும், எடுத்துக் கேளுங்கள். பிளம்பருக்குக் கூலி கொடுத்துக் கழற்றினேன். ஆட்டோவில் ஏற்றி, வடவள்ளியிலிருந்து லாலி ரோடு வழியாக அந்த நெரிசலில் காந்திபுரம் போனோம். டேங்க்கைச் சுற்றிச் சூடு வெளியேறாமல் வைத்திருக்கும் பஃப் நுரை முழுக்கத் தண்ணீர் ஊறி இருந்ததால், வழி நெடுக ஆட்டோ சீட்டில் துருத்தண்ணீர் வழிந்தது. சென்டர் இருப்பது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஆட்டோக்காரத் தம்பி மனசு இரங்கி ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடித்துப் படியேறினோம். எனக்கு 56 வயது.

மேலே உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "யாரு இதைக் கழட்டச் சொன்னது? வெளி ஆள் கழட்டினா வாரண்டி கேன்சல், தெரியாதா?" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. உங்கள் கால் சென்டர்தான் சொன்னது என்றேன். "அவங்க எங்கியோ உக்காந்துட்டு ஆயிரம் சொல்லுவாங்க" என்றார். வீட்டில் எண்பது வயது மாமியார் இருக்கிறார், முழங்கால் வாதம், மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது என்று தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னேன். அதற்கு அந்த மனிதர், பக்கத்தில் இருந்த பையன்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னது இது: "அவங்க காலத்துல விறகடுப்புலதானே தண்ணி காய வெச்சாங்க? உங்க மாமியாருக்கு அதெல்லாம் பழக்கமாத்தான் இருக்கும்."

ஐயா, உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி யாராவது இப்படிப் பேசினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ₹9,800 கொடுத்து உங்கள் பொருளை வாங்கியது இந்தப் பேச்சைக் கேட்கத்தானா? அதோடு நிறுத்தியிருந்தால்கூட விட்டிருப்பேன். ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டி, "எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்குது, புதுசு எடுத்துக்குங்க" என்றார். வாரண்டியில் வர வேண்டியதை விலைக்கு விற்கப் பார்த்தார். வாங்க மாட்டேன் என்றதும் உள்ளே எழுந்து போய்விட்டார். கீழே காத்திருந்த அந்தத் தம்பி, "ஏனுங்கம்மா, திருப்பி எடுத்துட்டே போறதுங்களா?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. போக வர வாடகையும் காத்திருப்புக் காசும் நான்தான் கொடுத்தேன். அன்று முழுநாளும் வீண். அன்றிலிருந்து அந்த ஹீட்டர் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது.

அப்புறம் நான் போட்ட மின்னஞ்சலுக்குப் பின், உங்கள் டெக்னீஷியன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உங்கள் ஆட்களில் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். திண்ணையிலேயே கீழ் மூடியைக் கழற்றி, எலிமென்ட் தட்டை வெளியே இழுத்தார். எலிமென்ட்டில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு. அதன் பக்கத்தில் ஆனோட் ராடு இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த ஒல்லிக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மெக்னீசியம் துளிகூட மிச்சமில்லை. "ராடு எப்பவோ கரைஞ்சு போச்சுங்க, அப்புறம் தண்ணி டேங்க்கைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு" என்றார். நானும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அவரும் எடுத்துக்கொண்டு போனார்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோவதற்கென்றே அந்த ராடு வைக்கப்படுகிறது என்பதும், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து மாற்றத்தானே வருடாந்திர சர்வீஸ் என்று என்னிடம் பணம் வாங்கினீர்கள்? 2024 டிசம்பரில் வந்த உங்கள் ஆள் மூடியைக் கழற்றவே இல்லை. வெளியே துணியால் துடைத்தார், சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார். ஆனால் அவர் கொடுத்த ஜாப் ஷீட்டில் 'ஆனோட் ராடு சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்குப் பெயர் என்ன? அன்றைக்கே ராடை மாற்றியிருந்தால் இன்று டேங்க் முழுதாக இருந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு உங்களிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: 'கடின நீர் காரணமாகச் சேதம், வாரண்டி பொருந்தாது.' தண்ணீரை யாராவது பரிசோதித்தீர்களா? ஒரு பாட்டிலில்கூடப் பிடித்துக்கொண்டு போகவில்லை. கோயம்புத்தூரில் வியாபாரம் செய்கிறீர்கள். இங்கே சிறுவாணித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துவிட்டு, மற்றதற்கெல்லாம் போர் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் வீடுகள்தான் அதிகம். இது ஊருக்கே தெரிந்த விஷயம். உங்களுக்கு மட்டும் இப்போதுதான் தெரிந்ததா? பொருத்த வந்த அன்று உங்கள் ஆள் பாத்ரூம் குழாயின் மூக்கில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணிங்களா? பரவாயில்லைங்க, இது கண்ணாடி கோட்டிங் டேங்க், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் துளையே போட்டார். அட்டைப்பெட்டியிலும் 'கடின நீருக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. விற்கும்போது ஏற்றதாக இருந்த தண்ணீர் வாரண்டி கேட்கும்போது மட்டும் எப்படி ஆகாததாகிவிடும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெக்னீஷியன் வருவதற்கு முன்பே, யாருமே வராத ஒரு நாளில், ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தது. வேலை முடியாமல் சொல்ல மாட்டேன் என்றேன். சாயங்காலமே 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்' என்று மெசேஜ் வருகிறது. நான் ஓடிபி கொடுக்காமல் புகாரை மூடியது யார்? இதற்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

இந்த மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் விடியற்காலையில் அடுப்பில் அண்டா வைத்துத் தண்ணீர் காயவைத்து, கொதிக்கக் கொதிக்கப் பாத்ரூம்வரை தூக்கிக்கொண்டு போகிறேன். மருதமலை அடிவாரத்துக் காலைக் குளிர் எப்படி இருக்கும் என்பது இங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். கேஸ் தண்ணீராய்ச் செலவாகிறது. பாத்ரூம் சுவர் ஊறிப் பெயர்ந்துவிட்டது. என் மாமியார், எனக்காகத்தானே இவ்வளவு பாடு என்று சொல்லிச் சொல்லி, தினமும் குளிப்பதையே நிறுத்திவிட்டார். எங்கள் குடும்பத்தின் நிம்மதியே போய்விட்டது. இதற்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது.

உங்கள் கம்பெனி மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. எங்கள் வீட்டு மிக்சியும் ஃபேன்களும் உங்களுடையவைதான், அவை நன்றாக ஓடுகின்றன. அந்த நம்பிக்கையில்தான் ஹீட்டரும் வாங்கினேன். அதனால் இதை நல்ல முறையில் முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். அதே கொள்ளளவில் புதிய ஹீட்டரை உங்கள் செலவில் கொண்டுவந்து பொருத்தித் தாருங்கள். ஓட்டை டேங்க்கைக் கழற்றிப் பற்றவைத்துக் கொண்டுவராதீர்கள், அதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். தெர்மோஸ்டாட்டுக்கும் வருடாந்திர சர்வீஸுக்கும் வாங்கிய பணம், பிளம்பர் கூலி, ஆட்டோ வாடகை எல்லாவற்றையும் திருப்பித் தாருங்கள். அந்தச் சூப்பர்வைசர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம்கூட வேண்டாம், என் மாமியார் பெயருக்கு எழுதட்டும். இதில் மட்டும் நான் இறங்கி வரவே மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இது நடக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நானே நின்று பேசுவேன். அங்கே ஹீட்டர் விலையோடு, சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து ₹1,00,000 கேட்பேன். டிக் போட்ட ஜாப் ஷீட்டும், கரைந்துபோன ராடின் போட்டோவும் முதல் சாட்சியாக இருக்கும்.

பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், போட்டோக்கள், ஆட்டோ மற்றும் பிளம்பர் ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன. திண்ணையில் கிடக்கும் ஹீட்டரை உங்கள் ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வருவதற்கு முன் போன் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். காந்திபுரத்துக்கு இனி நான் எதையும் தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
வாடிக்கையாளர், வடவள்ளி.