நெஞ்செரிச்சல் பற்றி மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

நேற்று நீ போனை வைத்ததும் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புளியை விட்டாயாம், பச்சை மிளகாயை விட்டாயாம், ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு எரிந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறாயாம். புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறதாம். அப்பாவிடம் சொன்னால் திட்டுவார் என்றும் சொன்னாயாமே! திட்டவில்லை. ஆனால் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவன் மகள் மாத்திரையைத் தப்பான நேரத்தில் போடுகிறாள் என்பதுதான் பொறுக்கவில்லை.

நம் ஊரில் தொப்புளுக்கு மேலே எது எரிந்தாலும் அல்சர்தான். அல்சர் என்றால் புண். நீ சொல்வது எதுக்களிப்பு மாதிரி தெரிகிறது. வயிற்றில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறிவிடுகிறது. வயிற்றுச் சுவருக்கு அதைத் தாங்கச் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவு காப்பு கிடையாது. இரண்டும் சேருகிற இடத்தில் வளையம் போல ஒரு தசை இறுகி நிற்கும். விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ளும். வயிறு உப்பலாக இருந்தால் விழுங்காதபோதும் அது அடிக்கடி தளரும். ஏப்பம் வருவதே அப்படித்தான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் ஏறிய அமிலம் இறங்கிவிடும், மிச்சத்தை எச்சில் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைவு. ஏறியது அங்கேயே தேங்கி எரிக்கும்.

இப்போது உன் ராத்திரியைப் பார். பத்து மணிக்கு ஷிப்ட் முடிகிறது. பதினொன்றுக்கு ஆர்டர் போட்ட பிரியாணி, பதினொன்றரைக்குப் படுக்கை. எண்ணெய், கொழுப்பு உள்ள சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும். பாவம், அம்மாவின் புளிக்குழம்பு என்ன செய்யும்? எது சாப்பிட்டால் உனக்கு எரிகிறதோ அதை மட்டும் விடு. காரணமில்லாமல் எல்லாவற்றையும் விட வேண்டாம். ஏழரை மணி பிரேக்கிலேயே வயிறார சாப்பிட்டுவிடு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். சாப்பிட்டபின் நீ மெல்லும் புதினா மிட்டாயும் வேண்டாம், அந்தத் தசையை அது தளர்த்திவிடக்கூடும்.

இரண்டு தலையணை அடுக்கிப் படுப்பதாக அம்மா சொன்னாள். அது இடுப்பை மடக்கி வயிற்றைத்தான் அழுத்தும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்துக்குக் கட்டை வை. பிஜி அக்கா கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல். இடது பக்கம் சாய்ந்து படுத்தாலும் அமிலம் ஏறுவது குறையும்.

அடுத்து மாத்திரை. நீ போடும் பேன்டோபிரசோல் ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிக்காது. அமிலம் சுரக்கும் பம்புகளை அடைத்துவைக்கும், அவ்வளவுதான். அந்தப் பம்புகள் வேலையில் இறங்குவது சாப்பாடு வரும்போது. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எரியும்போது போட்டால் அப்போதைக்கு ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்துக்கு, சுரந்த அமிலத்தை முறிக்கும் பிங்க் கலர் திரவ மருந்துதான். சட்டென்று தணிக்கும், ஆனால் ரொம்ப நேரம் நிற்காது.

கடையில் தினமும் பார்க்கிறேன், "கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று வருஷக்கணக்கில் வாங்குகிறார்கள். நீண்ட நாள் போட்டால் பி12, மக்னீசியம் குறைய வாய்ப்பு உண்டு. திடீரென்று நிறுத்தினால் கொஞ்ச நாளைக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி அட்டை வாங்குவார்கள். எத்தனை நாள் போட வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும். நானோ நீயோ முடிவு செய்ய வேண்டாம்.

விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. படியேறும்போது நெஞ்சு இறுகினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ அதைக் கேஸ் என்று நினைக்கவே கூடாது, உடனே 108. சோடா குடித்துவிட்டுக் கடை வாசலில் உட்கார்ந்தவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

சனிக்கிழமை லீவுதானே, அன்றைக்கே வயிற்று டாக்டரைப் பார். தலைவலிக்கு நீ போடும் வலி மாத்திரை பற்றியும் அவரிடம் மறக்காமல் சொல். சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. மாத்திரையை நான் பார்த்த பிறகு வாங்கலாம்.

அன்புடன்,
அப்பா