கடைசி இரண்டு கிலோமீட்டரையும் கணக்கில் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்குள் வாடகைக்கு இருப்பதா, புறநகரில் சொந்த வீடு வாங்குவதா என்ற கேள்வி எழும்போதெல்லாம், தங்கள் நாளிதழின் வீடு மனை இணைப்பிலும் சரி, உறவினர் வீட்டுக் கூடத்திலும் சரி, வாடகையையும் வங்கித் தவணையையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் விடுபட்டுப்போகும் ஒன்றுதான் குடியேறிய பிறகு குடும்பத்தின் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது என்பது சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தையும் தாண்டிய புறநகரான கூடுவாஞ்சேரியிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போய்வரும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ரயில் நிலையத்திலிருந்தோ, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலிருந்தோ வீட்டு வாசல் வரை மீதமிருக்கும் கடைசி இரண்டு கிலோமீட்டரைத்தான் சொல்கிறேன்.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, பழவந்தாங்கல் நிலையத்தை அடுத்த நங்கநல்லூர் ஆகிய பகுதிகள் பெரிதும் அந்தத் தண்டவாளத்தை நம்பியே வளர்ந்தன. மாலையில் வண்டியை விட்டு இறங்கியவர் நிலையத்து வாசலிலேயே காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து வீடு சேரும்படி அவை அமைந்திருந்தன. (அன்று புறநகர் என்று பெயர் பெற்ற நங்கநல்லூர் 2011-இல் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே வந்துவிட்டது.) தாம்பரத்துக்குத் தெற்கே அந்த வசதி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்து ஏறி, ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ இறங்கிய பிறகும் வீடு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

இரவு எட்டரை மணிக்கு எங்கள் நிலையத்துக்கு வெளியே நின்று பார்த்தால் இது விளங்கும். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டு நிற்பார்; பின்னிருக்கை நிறைந்து, தன் பக்கத்திலும் ஒருவர் ஒண்டி உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். அடுத்த ரயில் வந்தால்தான் ஆள் சேரும் என்றால், ஏறி உட்கார்ந்தவர்கள் அதுவரை கொசுக்கடியில் காத்திருக்க வேண்டும். மழை நாளில் கட்டணம் கூடும். ஒன்பதரை மணிக்கு மேல் வண்டி கிடைப்பதே அரிது. சற்றுத் தள்ளி, தலைக்கவசத்தை ஹேண்டில் பாரில் மாட்டியபடி, மனைவியையோ மகளையோ அழைத்துப்போக வந்த ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். நடைக்கு இருபது ரூபாய் வீதம், கணவன் மனைவி இருவர் மாதம் 25 நாள் போய்வந்தால், ஷேர் ஆட்டோவுக்கு மட்டும் 2,000 ரூபாய் ஆகிறது. இதற்குச் சலித்துப்போய் இரண்டாவது இருசக்கர வாகனத்தைத் தவணையில் வாங்கி, நிலையத்தில் அதை நிறுத்துவதற்கும் மாதாமாதம் பணம் கட்டும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வீடு வாங்கும்போது போட்ட கணக்கில் இவை எதுவுமே இருந்திருக்காது.

பேருந்து ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்பவர்கள், மனைப் பிரிவுகள் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மனை வணிகரும் தாம் வாங்கிய வயலையோ தோப்பையோ தனித்தனியாகக் கூறுபோட்டு விற்றபோது, ‘நகர்’ என்று பெயரிட்ட ஒரு மனைப் பிரிவின் தெரு அடுத்த நகரின் தெருவோடு சேர வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. இருபதடித் தெரு ஒரு மதில் சுவரில் முட்டி நின்றுவிடும். சுவருக்கு அந்தப்புறம் இன்னொரு நகர் இருக்கும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் நிலையத்துக்கு ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதும், பெரிய பேருந்து திரும்ப இடமில்லாமல் போனதும் இதனால்தான். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்து, 2017-இல் அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தை அரசு கொண்டுவந்த பிறகு பல மனைகளுக்கு முறையான அங்கீகாரம் கிடைத்தது. அதனால் முட்டுச் சந்துகள் திறந்துவிடவில்லை.

இதன் சுமை பெண்கள் மீதே கூடுதலாக விழுகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். உண்மையிலேயே குடும்பச் செலவைக் குறைத்த திட்டம் அது. ஆனால் எங்களைப் போன்ற உட்புற நகர்களில் அந்தப் பயன் ஜி.எஸ்.டி. சாலையோடு நின்றுவிடுகிறது. நகரத்திலிருந்து இலவசமாக வந்து இறங்கும் பெண், வீடு போய்ச் சேரக் காசு கொடுக்கிறார். இல்லையென்றால் யாராவது வந்து அழைத்துப்போகும் வரை காத்திருக்கிறார். மாலை நேர வேலை வேண்டாம், தூரத்துக் கல்லூரி வேண்டாம் என்று வீடுகளில் முடிவாவதற்கு இது ஒரு காரணம். சொந்த வீடு கிடைத்த மகிழ்ச்சியில் யாரும் இதை வெளியே சொல்வதில்லை.

நகரத்துக்குள் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதைத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொதுவாகக் கட்டுப்படுத்தினாலும், வேறு ஒப்பந்தம் இருந்தால் பரவாயில்லை என்ற விலக்கைப் பிடித்துக்கொண்டு பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டு உரிமையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளத்தைக் காட்டி ஒரு பக்கத்தை ஒதுக்கவும் முடியாது. 2015-இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கவே செய்தன. ஆகவே என்னிடம் யோசனை கேட்கும் இளைய உறவினர்களுக்கு நான் சொல்வது இதுதான். இருவரும் நகரத்தில் வேலை பார்த்து, குழந்தைகளும் சிறியவர்களாக இருந்தால், சைதாப்பேட்டையிலோ மாம்பலத்திலோ பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. புறநகரில்தான் வாங்க வேண்டுமென்றால், உட்புறத்தில் மூன்று படுக்கையறை வீட்டைவிட நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இரண்டு படுக்கையறை வீடே மேல். முன்பணம் கொடுக்கும் முன், மழை பெய்யும் ஒரு வேலை நாளின் இரவில் நகரத்திலிருந்து ரயிலேறி அந்த வீட்டு வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆனாலும் இதை வாங்குபவரின் சாமர்த்தியத்துக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை. சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அந்தப் பரப்பில் இனி வரும் பெரிய மனைப் பிரிவுகளுக்கு அனுமதி தரும்போது சாலையின் அகலத்தையும் பத்து சதவீதத் திறந்தவெளியையும் கேட்கும் விதிகள், அருகிலுள்ள நகரோடு தெரு இணைவதையும் பேருந்து வந்து திரும்ப ஓர் இடத்தையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். ஏற்கெனவே அமைந்துவிட்ட நகர்களுக்குச் சிற்றுந்துகளே வழி. 2025 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட புதிய மினி பஸ் திட்டத்தில், புறநகர் ரயில் நிலையங்களிலிருந்து உட்புற நகர்களுக்கான தடங்களுக்கு முன்னுரிமை தந்து, கடைசி ரயில் வரும் வரை அவற்றை ஓட்ட வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது அதன் அருகே ரயில் நிலையம் இல்லாததால் பயணிகள் பட்ட பாட்டை, தெருக்களின் அளவில் நாங்கள் தினமும் படுகிறோம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்’ என்று தங்கள் இணைப்பில் வெளியாகும் விளம்பரங்களில் அந்த ஐந்து நிமிடம் காரிலா, நடந்தா என்பது இருப்பதில்லை. நிலையத்திலிருந்து நடக்க வேண்டிய தூரத்தையும், அந்தத் தெருவுக்கு அருகே வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் விளம்பரதாரர் குறிப்பிட வேண்டும் என்று தாங்கள் ஒரு விதி வகுத்தால், வீடு தேடும் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கூடுவாஞ்சேரி