கொல்லன் தவளை

கண்ணு,

ஞாயித்துக்கிழமை நீ வாட்ஸ்அப்ல அனுப்பின ஆடியோவ கேட்டு யாரோ தகரத்துல சுத்தியல் போடறாங்கன்னுதான் நெனச்சேன், தவளைன்னு தோணவே இல்ல. "சாவ் பாவ்லோ போயும் நம்ம புள்ளைக்கு பட்டறை சத்தம் விடல"ன்னு அம்மாகிட்ட சொல்லி சிரிச்சேன். டொங்... டொங்... என்னா சீரா அடிக்குது! முப்பது வருஷம் சுத்தியல் புடிச்ச கைக்கே அது வராது.

அப்புறம் போன்ல தேடிப் படிச்சேன். அங்க சாப்போ ஃபெரெய்ரோம்பாங்களாம், கொல்லன் தேரைன்னு அர்த்தம், ஆனா அது தேரை இல்ல, மரத்தவளை. சயின்ஸ் பேரு போவானா ஃபேபர், அந்த ஃபேபரும் லத்தீன்ல கொல்லன்தான். 1815லேர்ந்து 1817 வரைக்கும் பிரேசில்ல சுத்தின மாக்சிமிலியன்னு ஒரு ஜெர்மன் இளவரசர் 1821ல ஹைலா ஃபேபர்னு வச்சிருக்கார், 2005ல டிஎன்ஏ எல்லாம் பாத்து ஹிப்சிபோவாஸ்ங்கற பேருக்கு மாத்தி, 2017ல அதுக்கும் மூத்த பேரு போவானா, 1825லயே கிரேன்னு ஒருத்தர் வச்சதுன்னு கிளப்பி மறுபடி மாத்திட்டாங்க. நம்ம காட்டுப் பட்டா கேஸு மாதிரி, மூலப்பத்திரம் பழசா இருந்தவன் ஜெயிச்சான்! கொல்லன் மட்டும் எல்லாத்துலயும் கூடவே வந்துட்டான் பாரு, அது எனக்கு ரொம்ப புடிச்சுது.

இது பிரேசில் கிழக்குப் பக்கத்து அட்லாண்டிக் காடு, கிழக்கு பராகுவே, அர்ஜென்டினாவுல மிசியோனெஸ், அவ்ளோதானாம். வால்பாறையில நீ சின்னதுல புடிக்கப் போன மரத்தவளை இதுக்கு சொந்தமே இல்ல, குடும்பமே வேற, ரெண்டும் தனித்தனியாத்தான் மரம் ஏறக் கத்துக்கிச்சாம்.

இன்னொண்ணு கேளு. ஆண் தவளை குளத்து ஓரமா சேத்த ஒதுக்கி, வட்டமா கரை கட்டி, நடுவுல தண்ணி நிக்க விட்டு அங்கேர்ந்துதான் கூப்பிடுமாம், பொண்ணு வந்து பாத்தி சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் முட்ட போடுமாம். வேற ஆண் உள்ள வந்தா சண்டைதான், கட்டவிரல் கிட்ட முள்ளு மாதிரி ஒரு எலும்பு, அதால கிழிச்சுடுமாம். தொழிலும் தெரியும், ஆயுதமும் கைலயே.

அடுத்த தடவ டார்ச் எடுத்துட்டுப் போய் அந்தப் பாத்திய ஒரு வீடியோ எடு, கரை எவ்ளோ உசரம்னு பக்கத்துல உன் கைய வச்சு காட்டு. செருப்போட போகாத, பூட்ஸ் போட்டுக்கோ, தவளை இருக்கற எடத்துல பாம்பு இருக்கும். அம்மா பருப்புப்பொடி பார்சல் போட்டிருக்கா, வந்ததும் சொல்லு.

அப்பா