முன் சைட் மாற்ற ஏன் இரண்டு நாள்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஒரு முள்ளை மாட்ட இரண்டு நாளா?" என்று போன மாதம் மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஏர் ரைஃபிளின் முன் சைட் போஸ்டை, அதாவது குழல் முனையில் குறி பார்க்க நிற்கும் முள்ளை, கழற்றி வேறு மாட்ட அரை மணி நேரம் போதும். அதை அசையாமல் நிறுத்தத்தான் மீதி நேரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே அரை மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போஸ்ட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 10 மீட்டரில் குண்டு 2 மில்லிமீட்டர் விலகிவிடும். போட்டி அட்டையில் பத்தாம் வளையத்தின் குறுக்களவே 0.5 மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5தான். கைக்குத் தட்டுப்படாத ஆட்டம் ஒரு புள்ளியைத் தின்றுவிடும்.

ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிள் இன்னும் மோசம். பிஸ்டன் பாயும்போது பின்னால் உதைக்கும், முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதறலில் போஸ்டைப் பிடித்திருக்கும் திருகு தானாகவே தளரும்.

போன வாரம் ஒரு ரைஃபிள் வந்தது. போஸ்டின் அடியில் யாரோ சூப்பர் க்ளூ விட்டிருக்கிறார்கள். அதன் ஆவி படிந்து குழல் முனை முழுக்க விபூதி பூசினாற்போல வெள்ளை. போஸ்ட் மட்டும் பழையபடி ஆடுகிறது! அந்தப் பசை இழுப்பைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. சுரண்டி எடுக்கவே எங்களுக்கு ஒரு மாலை போயிற்று.

நாங்கள் முதலில் எண்ணெயைத் துடைக்கிறோம். கடற்காற்றில் துருப்பிடிக்கும் என்று நீங்கள் தாராளமாக விடும் எண்ணெய்தான் இந்த வேலைக்கு எதிரி. பிறகு போஸ்டை நேராக நிறுத்தி ஐந்து குண்டு சுடுவோம். குண்டு இடப்பக்கம் போனால் முன் சைட்டையும் இடப்பக்கமே தள்ள வேண்டும். பின் சைட்டுக்கு இது நேர் எதிர். வீட்டில் செய்பவர்கள் குழம்புவது இங்கேதான். கீழே போனால் போஸ்ட் உயரம் அதிகம், அரம் போட வேண்டும். அதிலும் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை சுட்டுப் பார்ப்போம். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாதே.

எல்லாம் சரியாக வந்த பிறகு திருகை வெளியே எடுத்து நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரே ஒரு சொட்டு. காற்றுப் படாத இடத்தில், உலோகத்தோடு சேர்ந்துதான் அது இறுகும். முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும். சிவப்பு லாக்டைட் போடுவதில்லை. அடுத்த முறை கழற்ற 250 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கும்.

கடைசியாகத் திருகுத் தலையிலிருந்து போஸ்ட் அடிவரை நெயில் பாலிஷில் ஒரு கோடு. சிரிக்காதீர்கள். கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். சுடுவதை நிறுத்திவிட்டுக் கொண்டு வாருங்கள்.

அப்புறம், லைசென்ஸ் தேவைப்படும் துப்பாக்கிகளை நாங்கள் தொடுவதில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி அவற்றைப் பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும்.

சனிக்கிழமை போட்டி என்றால் புதனுக்குள் கொடுத்துவிடுங்கள். குழலில் குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு உறையில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய திருகையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், அளவு பார்க்க உதவும்.

இப்படிக்கு,
எழும்பூர் கடையிலிருந்து