வாத்தியாரின் பெட்டியைத் திறந்தேன்

அன்புள்ள நண்பா,

ஏழு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்டுவதெல்லாம் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம்.

போன வாரம் நமக்குப் புகைப்படம் கற்றுத்தந்த வாத்தியாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அவர் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்த நெகட்டிவை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தபோது ஓரம் முழுக்க நீலம் பாய்ந்த கண்ணாடிப் பளபளப்பு. வயிறு கலங்கிவிட்டது. காற்றிலுள்ள பெராக்ஸைடும் ஓசோனும் படத்தை உருவாக்கும் வெள்ளியை அரித்து அயனியாக்குகின்றன. அது மேலே நகர்ந்து மறுபடியும் உலோகமாகப் படிகிறது. இனி டோனிங் செய்தாலும், அதாவது வெள்ளியைக் காக்கும் ரசாயனக் கரைசலில் ஊறவைத்தாலும், அந்தப் பளபளப்பு போகாது.

உன் வைத்தியம் நினைவிருக்கிறது: ஒரு பங்கு செலினியம் டோனருக்கு இருபது பங்கு தண்ணீர், சில நிமிடம், கவலை தீர்ந்தது! இத்தனை வருடம் நானும் அதையே நம்பினேன். ஆனால் அமெரிக்காவில் ரோச்செஸ்டரிலுள்ள இமேஜ் பெர்மனென்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 1980களில் மைக்ரோஃபிலிமைச் சோதித்தபோது, செலினியத்தால் மெல்லிய பகுதிகளுக்குப் போதிய காவல் கிடைக்கவில்லை. அடர்த்தியான இடங்களைத்தான் அது முதலில் பிடிக்கிறது. நெகட்டிவில் மெல்லிய இடம் என்றால் நிழல். அந்த அம்மாவின் கூந்தல் இழைகளும் கண்குழியும் அங்கேதானே இருக்கின்றன? பாலிசல்ஃபைடு என்ற இன்னொரு டோனர் அப்படியல்ல, மெல்லிய இடத்திலும் வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றிவிடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஜன்னலைத் திறந்துவைக்காமல் தொடாதே, கையுறையும் போட்டுக்கொள். அவசரப்படாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சொந்தச் சுருள் ஒன்றை மிச்ச வெள்ளி உப்பை நீக்கும் ஃபிக்சரில் மறுபடி போடாமலும் சரியாகக் கழுவாமலும் டோன் செய்தேன். தெளிவாக இருக்க வேண்டிய விளிம்பில் பழுப்புக் கறை ஏறிவிட்டது. அந்தச் சுருளில் என் மகளின் முதல் நடை இருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

ஆகவே உன்னிடமுள்ள அவருடைய நான்கு சுருள்களையும் தயவுசெய்து நனைக்காதே. முதலில் ஸ்கேன் செய். ஊறும்போது படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் இளகி உரிந்து வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. புளித்த காடி வாசம் வந்தால் அது ஃபிலிமின் அடியிலுள்ள அசிடேட் பிளாஸ்டிக் தளமே சிதைவதன் அறிகுறி. டோனிங் வெள்ளியைத்தான் காக்கும், தளத்தை அல்ல. அப்படிப்பட்டதைத் தனியே எடுத்துக் குளிர்ச்சியான, ஈரம் குறைந்த இடத்தில் வை.

இன்றே டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார். எந்த டப்பாவில் வாசம் வருகிறது என்று உடனே எழுது.

உன்,
பழைய இருட்டறைக் கூட்டாளி