நாற்காலி ஒண்ணா மூணா?

ஆசிரியருக்கு வணக்கம். நவீன கலைனாலே ஏமாத்து வேலைனு பேசறத கேட்டா மனசு ஒப்பல. 1965ல ஜோசப் கொசூத்னு ஒரு அமெரிக்க இளைஞர், வயசு 20தான், சாதா மர மடக்கு நாற்காலி ஒண்ண சுவரோரமா வெச்சு, ஒரு பக்கம் அதே சைஸ்ல அதோட போட்டோ, இன்னொரு பக்கம் டிக்‌ஷனரில சேருக்கு இருக்கற அர்த்தத்த பெருசாக்கி மாட்டுனாரு, அவ்ளோதான். பெயின்ட் இல்ல, நாற்காலியக்கூட அவர் செய்யல. உக்கார முடியறது ஒண்ணுலதான், ஆனா மூணுமே நமக்கு நாற்காலிதானே! வேற ஊர்ல வேற நாற்காலி வெச்சு அங்கயே போட்டோ எடுத்து மாட்டுனாலும் படைப்பு அதேதான், ஏன்னா அது பொருள்ல இல்ல, யோசனைல இருக்கு. கைவேலைய நான் குறைச்சு சொல்லல, இதுவும் கலைதான்னு அடிச்சு சொல்றேன். உங்க ஞாயிறு மலர்ல இதப்பத்தி படத்தோட ஒரு பக்கம் போடுங்க சார்.

- ஒரு வாசகி